நெஞ்சைப் படம் பிடித்த வெள்ளிக்கிழமை

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஆவடி பட்டாள டெப்போவில் கூடாரத் துணி தைக்கப் போய்க்கொண்டிருந்தேன். கொரட்டூரில் ஏரிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அந்த வருஷ விளைச்சல் வீட்டுச் சாப்பாட்டுக்கே போதவில்லை. என் வீட்டுக்காரருக்கும் அதே டெப்போவில் மூட்டை தூக்குகிற வேலை. எங்கள் பெண் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். அவளைக் கூடவே தூக்கிப் போய், மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, நடுநடுவே பால் கொடுத்துவிட்டு வருவேன்.

துணித் தூசியோ என்னவோ, இருமல் பிடித்துக்கொண்டது. என்ன கஷாயம் குடித்தும் விடவில்லை. மேஸ்திரி என்னைப் பார்த்தாலே பத்தடி தள்ளி நிற்க ஆரம்பித்தார். கடைசியில் ஆவடி முகாம் ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் படம் பிடித்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள்.

நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலேயே எண்ணெய் தேய்த்து முழுகியிருந்தேன். தலை காயக்கூட நேரமில்லை, அப்படியே சுருட்டிக் கொண்டை போட்டுக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா ஒரு வெள்ளை அங்கியைக் கையில் கொடுத்து, "கொண்டைய அவுத்துடும்மா. ஊசி, பூ, சங்கிலி, ஒண்ணும் இருக்கக் கூடாது. எல்லாம் படத்துல வுழும்" என்றாள்.

கழற்றச் சொன்னதையெல்லாம் கழற்றினேன். ஆனால் நல்ல வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, கட்டின புருஷன் வெளியே குந்தியிருக்க, தலைவிரி கோலமாகப் படம் எடுக்கிற அந்நிய ஆண் முன்னால் போய் நிற்பேனா? எங்கள் பக்கத்தில் எழவு வீட்டில்தான் அப்படி நிற்பார்கள். ஈரத்தோடு ஈரமாக மளமளவென்று ஜடை பின்னினேன். என் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும், பொய் சொல்லவில்லை. அதை வலது தோள் வழியாக முன்பக்கமாகப் போட்டு அங்கிக்குள்ளே செருகிக்கொண்டேன். உள்ளே இருட்டறை மாதிரி இருந்தது. ஒரு தட்டின்மேல் நெஞ்சை அழுத்தி மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். அவ்வளவுதான், போகலாம் என்றார்கள்.

மறுவாரம் டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வலது பக்கம் தோளெலும்பிலிருந்து கீழே நீளமாக ஒரு வெளுத்த மேகம். "க்ஷயரோகம் மாதிரி தெரிகிறது. சானடோரியத்தில் இடம் கேட்டு எழுதுகிறேன். இன்றிலிருந்து குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது, பக்கத்திலேயே விடக் கூடாது" என்றார்.

பிள்ளை என் இடுப்பில் உட்கார்ந்து என் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸம்மா விடவில்லை. "சளியில கிருமி இல்ல, ஜுரம் இல்ல, உடம்பும் இளைக்கல. ஒரே ஒரு படத்த வச்சிக்கினு தாயையும் புள்ளையையும் பிரிக்கலாமா டாக்டர்?"

"படம் பொய் சொல்லுமா? கிருமி தெரிகிற வரைக்கும் காத்திருந்தால் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நீங்களா பதில் சொல்வீர்கள்?"

"இன்னொரு தபா எடுத்துப் பாக்கலாமே."

"யுத்தத்தில் ஃபிலிம் எங்கே கிடைக்கிறது? சானடோரியத்தில் இடம் கிடைக்கட்டும். அனுப்பும்போது ஒன்று எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பலாம்."

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். நடுவில் நான்தான் பைத்தியக்காரி மாதிரி நின்றேன். அன்று சாயங்காலமே என் நாத்தனார் நசரத்பேட்டையிலிருந்து வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். வண்டி தெருமுனை திரும்புகிறவரைக்கும் அது என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே இருந்தது. பால் கட்டிக்கொண்டு வலி உயிர் போகும். பீய்ச்சிச் சுவரில் விடுவேன். அந்த வலியைவிட, பீய்ச்சுகிறபோது வருகிற ஆத்திரம்தான் தாங்காது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வீட்டுக்காரரைத் திட்டினேன்.

சானடோரியத்தில் இடம் வந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்ன அன்று எனக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த தைரியமும் போய்விட்டது. "இந்தா பார், திருத்தணி முருகனுக்கு முடி குடுக்கணும், குடுத்துட்டுத்தான் போவேன்" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"நான் உசுரோட கீறப்போ நீ மொட்டையா?" என்று அவர் முதலில் முறைத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, "சரி வா, போலாம்" என்றார். ரயிலேறிப் போய், மலை ஏறி, மொத்த முடியையும் இறக்கினேன். நாவிதர் கத்தி வைத்ததும் ஓவென்று அழுதேன். முடிக்காக அழுகிறேன் என்று அந்த நாவிதர் நினைத்திருப்பார்.

திரும்பி வந்து மொட்டைத் தலையோடு ஆவடியில் இரண்டாவது படத்துக்கு நின்றேன். படம் கழுவி வந்ததும் டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். பழைய படத்தைக் கொண்டுவரச் சொன்னார். பழையதில் இருந்த மேகம் புதியதில் துளிகூட இல்லை.

"முருகா!" என்று என் வீட்டுக்காரர் அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியாமே? முடிய வாங்கிக்கினு நோவ எடுத்துக்கினாரு!"

டாக்டர் என் தலையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். "அம்மா, அன்றைக்கு உங்கள் முடி எங்கே இருந்தது?"

"ஜடை போட்டு உள்ளே செருகியிருந்தேன்" என்றேன். எண்ணெய் முழுக்கையும் சொன்னேன்.

நர்ஸம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, கொண்டைய அவுக்கச் சொன்னவ நான்தானே! உள்ள கைய வுட்டுப் பாக்கலியே!"

"நானும்தான் நுரையீரல் என்று பார்த்தேனே தவிர, பெண்பிள்ளையாச்சே என்று பார்க்கவில்லை" என்று டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "முடிதான் அம்மா. ஈர ஜடைதான் படத்தில் மேகமாக விழுந்திருக்கிறது. உங்களுக்கு ஒரு நோயும் இல்லை, இருமல் தூசியால்தான்."

முருகன்தான் என்று என் வீட்டுக்காரர் விடாமல் சாதிக்க, ஜடைதான் என்று டாக்டர் பொறுமையாக விளக்க, நான் முதலிலேயே சொன்னேனே என்று நர்ஸம்மா குறுக்கே வர, எனக்குப் பொறுமை போய்விட்டது. "யார் ஜெயிச்சாலும் சரி சாமி, எம்புள்ளைக்கு நான் பால் குடுக்கலாமா, கூடாதா? அத்த சொல்லுங்க மொதல்ல!" என்று கத்தினேன்.

"இப்போதே போய்க் கொடுங்கள்" என்றார் டாக்டர்.

அப்பாடா என்று உட்கார்ந்தவள் அப்படியே எழுந்து ஓடினேன். குதிரை வண்டி பிடித்துப் பூந்தமல்லி வழியாக நசரத்பேட்டை போய்ச் சேர்ந்தபோது பிள்ளை வாசலில் மண்ணை அளைந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். என் மொட்டைத் தலையைப் பார்த்து வீல் என்று கத்தியது. நெளிந்து, உதைத்து, நாத்தனாரிடம் தாவியது. அவள் ஒரு துண்டை என் தலையில் போர்த்திப் பார்த்தாள். ம்ஹூம்.

என் மாரில் பால் கசிந்து ரவிக்கை நனைகிறது, பெற்ற பெண் என்னைப் பார்த்துப் பயந்து அலறுகிறது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. "அடி கழுத! உன்ன வுட்டுட்டு நான் பட்ட பாடு உனுக்குத் தெரியுமாடி? நான் யாரோவாடி உனுக்கு?" என்று கத்தினேன்.

அலறல் நின்றது. பிள்ளை நாத்தனார் தோளில் இருந்து மெல்லத் தலையைத் திருப்பிக் குரல் வந்த என் வாயையே பார்த்தாள். இன்னொரு தரம் திட்டினேன். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள்.