செல்வி எனக்கு மட்டும் சொன்னது

சில வருடங்கள் தயங்கிய பிறகே இதை எழுதுகிறேன்.

குலதெய்வக் கோயில் வாட்ஸ்அப் குரூப்புக்காக எங்கள் வம்சாவளியைத் திரட்டினேன். வடக்கனந்தலில் இருக்கும் பங்காளி மனைவி செல்வி (பெயரை மாற்றியிருக்கிறேன்), தன் மகளைத் தத்தெடுத்து வளர்த்ததாக எனக்குத் தனியாக எழுதியிருந்தாள். சாமி காரியத்தில் பொய் கூடாதென்று அதையும் குரூப்பில் போட்டுவிட்டேன்.

உடனே செல்வி போன் செய்தாள். "இன்னாக்கா பண்ணிட்ட? அவளுக்கே இன்னும் சொல்லலியே!"

"சாமிகிட்ட மறைக்கலாமா செல்வி?"

"சாமிக்குத் தெரியும்க்கா. குரூப்புக்கு இன்னாத்துக்கு?"

அந்தப் பதிவை அழித்தேன். குரூப்பில் இருந்த அவள் மகள் கல்வராயன் மலையில் டவர் கிடைக்காத ஊருக்கு வேலையாகப் போயிருந்ததால் பார்க்கவில்லை. அம்மன்தான் காப்பாற்றினாள்.

செல்வி யாரிடமும் என்னைக் குறை சொல்லவில்லை. பிறகு மகளிடம் அவளே பக்குவமாகச் சொன்னாள். அந்த மனசு எனக்கு வராது. இப்போது உரியவரைக் கேட்காமல் ஒரு வரியும் போடுவதில்லை.

இதைப் பகிர்கிறவர்கள் எதையும் கூட்டாமல் குறைக்காமல் பகிருங்கள். செல்வியும் அவள் மகளும் என்னை எழுதச் சொன்னது இவ்வளவுதான்.