தலைமடைக்காரன் கேட்ட கணினிகள்

நாட்டுக்கே பொதுவான கணினிகளில் ஆராய்ச்சிக் கணக்குப் போடத் தஞ்சாவூரில் பயிற்சி. முடிவில் எங்களில் ஒருவரைப் பயிற்றுநராக்குவார்கள். அது நான்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டே வந்திருந்தேன்.

என் நெல் ஆராய்ச்சிக் கணக்கு காலையிலிருந்து கணினிக்காக வரிசையில் நின்றது. எனக்குப் பிறகு அனுப்பிய பக்கத்து இருக்கை மலர்விழிக்கோ விடையே வந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

“எத்தனை கணினி கேட்டீங்க சார்?” என்றார் மலர்விழி.

“இருக்கிற அத்தனையும்.”

“நீங்க தலைமடையா?”

“ஆமா. ஆத்துல தண்ணி வந்தா முதல்ல எங்க வயலுக்குத்தான்.”

“அதான் சார்! நாங்க கடைமடை, வர்ற தண்ணியில பயிர் வைக்கிறவங்க. அத்தனையும் ஒரே நேரத்துல எப்போ காலியாகிறது? ரெண்டு கேளுங்க, நடுவுல நுழைஞ்சிடும்.”

இரண்டே கேட்டேன். டீ வருவதற்குள் முடிந்தது.

பயிற்சி முடிவில் மலர்விழிதான் பயிற்றுநரானார். நானும் கைதட்டினேன். வீட்டில், கணினி சரியில்லை என்றேன்.

இன்றும் அவர் பெயரைக் கேட்டால் வயிறு எரிகிறது. ஆனால் இரண்டுக்கு மேல் கேட்பதில்லை.