கொலைகாரனைச் சொன்ன அம்மா

கால் முறிந்து இரண்டு மாதமாக மூலக்குளம் வீட்டில் கிடக்கிறேன். புத்தகங்கள்தான் துணை. இன்று எடுத்த ஏழாவது நாவலின் அட்டையில் மைதாப் பசை வாசனை. மூக்கில் ஏறியதுமே நினைவில், நான் வளர்ந்த திருக்கனூருக்குப் போய்விட்டேன்.

ஐந்தாவது படிக்கையில் எனக்கு அம்மை போட்டிருந்தது. அப்பாவின் மளிகைக் கடைக்காக அம்மா பழைய புத்தகங்களைக் கிழித்துப் பை ஒட்டுவாள். அவள் கிழிப்பதற்குள், வேப்பிலைப் படுக்கையில் கிடந்தபடியே நான் படித்துத் தள்ளுவேன். ஒரு துப்பறியும் கதையில் கடைசிப் பக்கங்களைக் காணோம். பையாகிக் கடைக்குப் போயிருந்தன. அழுதேன்.

"இன்னாத்துக்குடி அழுவுற? அந்த டாக்டரோட தம்பிதான் கொன்னான்," என்றாள் அம்மா, பசை தடவியபடியே.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரேஷன் கார்டுக்குக்கூடக் கைநாட்டு வைக்கிறவள்!

"ஒனக்குப் படிக்கத் தெரியுமாம்மா?"

அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். "கத்தாதடி. படிச்ச பொண்ணு வாணாம்னு சொல்லித்தான் பொண்ணு பாக்கவே வந்தாங்க. இவளுக்கு எழுத்தே தெரியாதுன்னு எங்கப்பா சொல்லிட்டாரு. ஒங்கப்பாகிட்ட வாயத் தொறந்துடாத."

நான் சொல்லவில்லை. அப்பா செத்த பிறகு, வீட்டுப் பத்திரத்தை அம்மா முன்னால் வைத்தார்கள். அவள் கண் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கியது. கடைசி வரி முடிந்ததும் கட்டைவிரலைத்தான் நீட்டினாள்.