தலாத்துக்குப் போவதா, வேண்டாமா

1. கை கழுவும் இடத்தில்

அன்றைக்குக் கால் முன்னால் வந்த பிரசவம். உடம்பு நெஞ்சு வரை வெளியே வந்த பிறகு குழந்தையின் ஒரு கை தலைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அப்படி ஆனால் அவசரப்பட்டு இழுக்கக்கூடாது. விரலை உள்ளே விட்டு, முழங்கையை மடக்கி, முகத்தின் மேலாக வழித்துக் கையைக் கீழே கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தேன்; தலையும் வந்தது. குழந்தை நீலமாக இருந்தது. முதுகைத் தேய்த்ததும் அழுதது. பெரிய டாக்டர் கதவோரம் நின்று, குறுக்கே வராமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார். பிரெஞ்சுக்காரர், அதிகம் பேசாதவர்.

"மதாம் தெரேஸ், தலாத்தில் ஒரு பிரசவ வார்டு தொடங்குகிறார்கள். ஆள் கேட்டிருக்கிறார்கள். உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன்."

சோப்பு கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை.

இப்போது பயிற்சிக்கு வரும் பெண்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டிப்ளோமா வாங்கிய மருத்துவச்சி. பிரெஞ்சில் எங்களுக்குச் 'சாழ்பாம்' என்று பெயர். அது ஜனங்களின் வாயில் புகுந்து, தெருவில் போனால் "சாழ்பாம் அம்மா போறாங்க" என்பார்கள். தலாத் என்பது பிரெஞ்சுக்காரர் ஆண்ட இந்தோசீனாவில் (இப்போதைய வியட்நாம்), சைகோனுக்கு மேலே மலையில் உள்ள ஊர். சைகோன் எங்கள் ஜனங்களுக்குப் புதிதில்லை. தெருவுக்கு ஒரு வீட்டில் சைகோன் பிழைப்புக்குப் போனவர் இருப்பார். ஆனால் தலாத்துக்குப் போனதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"பெரிய ஊரா, மிஸ்யே?"

"புதுச்சேரியைவிடச் சின்னது. வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் போய் இளைப்பாறுகிற ஊர். உங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். போலீஸ், கடை, பால் வியாபாரம். அந்தப் பெண்கள் ஆண் டாக்டரைக் கிட்டே விடுவதில்லை. பிரெஞ்சும் தமிழும் தெரிந்த ஒரு பெண் அங்கே வேண்டும்."

"குளிர் எப்படி?"

அவர் யோசித்தார். "எனக்கு என் ஊர் வசந்தகாலம் மாதிரி. உங்களுக்கு நிறையக் குளிர். அடுத்த கப்பல் வருவதற்குள் பதில் சொல்லுங்கள்."

2. வீட்டில்

என் வீட்டுக்காரர் துறைமுகப் பாலத்தில் சுங்க வேலை பார்த்தார். கப்பலிலிருந்து படகில் வந்து இறங்குகிற மூட்டைகளைப் பிரித்துப் பார்க்கிற வேலை. கலகலப்பான மனுஷர். படகுக்காரர்களிலிருந்து பங்குச் சாமியார் வரை எல்லாரையும் சிரிக்க வைப்பார். கல்யாணத்துக்கு முன் சில வருஷம் சைகோனில் இருந்தவர் என்பது எனக்குத் தெரியும். அந்த ஊர்ச் சோறு, அந்த ஊர் மழை, அங்கே பார்த்த சர்க்கஸ் என்று எங்கள் பையனுக்குக் கதை கதையாகச் சொல்வார்.

அதனால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"வேணாம்" என்றார்.

"ஏங்க?"

"அது குளிர் ஊரு. பையனுக்கு நெஞ்சு சளி கட்டும். உனக்கும் ஒத்துக்காது."

"கம்பளி போட்டா தீந்துச்சு. உங்களுக்கும் அங்க வேலை பாத்துத் தருவாங்களாம்."

"வேணாம்னு சொல்றேன் இல்ல, தெரேசு."

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. மிச்சச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். எனக்கு அது விளங்கவில்லை.

எனக்கோ போக ஆசை வந்துவிட்டது. இங்கே எனக்கு மேலே வயதில் பெரியவர்கள் இருந்தார்கள். அங்கே வார்டே என் பொறுப்பு. கருவிகளை நானே அடுக்கலாம், ஆட்களை நானே பழக்கலாம். அப்படி ஒரு வாய்ப்பு அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற பெண்களுக்கு இன்னொரு தடவை வராது. குளிர்தான் தடை என்றால் குளிரைப் பற்றி விசாரிப்போம் என்று கிளம்பினேன். வெள்ளைக்காரப் பெண்களுக்கு உடுப்புத் தைக்கிற தையல்காரரிடம் கம்பளித் துணி பற்றிக் கேட்டேன். கம்பவுண்டரிடம் நெஞ்சு சளிக்கு என்ன எடுத்துப் போவது என்று கேட்டேன். அவர்தான், முதலியார்பேட்டையில் ஒரு அம்மாள் தலாத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறார் என்று சொன்னார்.

3. சவேரியம்மாள் சொன்னது

சவேரியம்மாளின் புருஷன் தலாத்தில் போலீஸ்காரராக இருந்து அங்கேயே காலமானவர். அந்த அம்மாள் முறுக்குப் பிழிந்துகொண்டே பேசினார்.

"குளிருன்னா நம்ம மார்கழிக் குளிருன்னு நெனச்சுக்காதீங்க. தேங்காண்ணெய வருஷம் பூரா நெருப்புல காட்டித்தான் தலைக்கு வைக்கணும். தோச்ச துணி ரெண்டு நாளானாலும் ஈரமாவே கெடக்கும். ஆனா ஊரு அழகும்மா. பூவுன்னா பூவு, கோசுன்னா கோசு. தண்ணியில குத்தமே சொல்ல முடியாது."

"பிள்ளை பெத்தவங்க என்ன பண்றாங்க?"

முறுக்குக் குழலைக் கீழே வைத்தார்.

"பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணு. நெட்டப்பாக்கத்துப் பக்கம். மொதப் பிரசவம். குளிருதுன்னு கதவு சன்னலெல்லாம் சாத்திட்டு, கரிச்சட்டிய உள்ள வச்சிக்கிட்டுப் படுத்துட்டா. காலைல போய்க் கூப்பிட்டா பதிலே இல்ல. தாயும் பச்சப்புள்ளையும் அப்படியே கெடக்குறாங்க. ஒடம்புல ஒரு காயம் இல்ல. தூங்குற மாதிரியே இருந்தாங்க."

மூடிய அறையில் அந்தக் கரிப்புகைதான் கொன்றிருக்கிறது. பிள்ளை பெற்றவள் அறையில் தணல் வைப்பது எங்கள் ஊரிலும் வீட்டுக்கு வீடு நடக்கிறது. நானே எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். ஓட்டு வீட்டில் கூரை வழியாகப் புகை போய்விடும், காற்று வந்துவிடும். அங்கே கண்ணாடிச் சன்னலும் இறுக்கமான கதவும். அந்த வித்தியாசத்தை அவளுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. அந்த நிமிஷம் நான் போகத்தான் வேண்டும் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

கிளம்பும்போது சவேரியம்மாள் சொன்னார்: "இதெல்லாம் உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாததா? எங்ககிட்ட வந்து கேக்குறீங்க."

"அவரு சைகோன்ல இருந்தாரும்மா. தலாத்துக்குப் போனதில்ல."

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முறுக்கைப் பார்த்தார்.

"ரயில் ரோடு போடுறப்ப அங்கதானே மேஸ்திரியா இருந்தாரு. எங்க வீட்டுல எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்காரு. நான் என்னத்தச் சொல்ல. நீங்க அவரையே கேட்டுக்குங்க."

4. அவர் சொன்னது

முதலியார்பேட்டையிலிருந்து வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். வழியில் யார் யாரோ கும்பிட்டார்கள். யாருக்குப் பதில் கும்பிட்டேன், யாருக்குக் கும்பிடவில்லை என்று தெரியாது. ஒரு மனுஷன் ஒரு ஊரில் வருஷக்கணக்காக இருந்துவிட்டு, அந்த ஊரின் பெயரையே பெண்டாட்டி காதில் போடாமல் இருப்பானா? அப்படி மறைக்க அங்கே என்ன இருந்தது?

அவர் சாயந்தரம் வந்தார். பையன் விளையாடப் போயிருந்தான். நான் சுற்றி வளைக்கவில்லை.

"தலாத்ல நீங்க இருந்திருக்கீங்க."

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். பொய் சொல்லப் பார்க்கவில்லை. அதை மட்டும் இன்று வரை அவருக்கு வரவு வைத்திருக்கிறேன்.

"இருந்தேன்" என்றார். "அங்க ஒரு பொண்ணு இருந்தா. அந்த நாட்டு ஜனம், அன்னாம்காரி. ரயில் ரோடு வேலைக்காரங்களுக்குக் காய்கறி விப்பா. கோயில்ல வச்சுக் கட்டிக்கல. ஆனா ஒரே வீட்டுலதான் இருந்தோம்."

நான் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"பிரசவத்துல போயிட்டா. மலை மேல அப்ப உன்ன மாதிரி ஆளு கெடையாது. கீழேருந்து கூட்டியார ஆளு அனுப்புனோம். வந்து சேர்றதுக்குள்ள ரத்தமா போயி முடிஞ்சிடுச்சு."

"குழந்தை?"

"பொண்ணு. இருக்குது. கன்னியர் மடத்துல வுட்டுட்டு வந்துட்டேன்."

எனக்கு அந்தச் சொல் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. 'இருக்குது' என்கிறார். எங்கள் பையனைவிடப் பெரிய பெண். நான் ஊர்க் குழந்தைகளையெல்லாம் கையில் ஏந்திவிட்டு வீட்டுக்கு வர, இந்த மனுஷர் சிரித்துக்கொண்டே "இன்னிக்கு ஆணா, பொண்ணா" என்று கேட்டாரே, அப்போதெல்லாம் அவர் மனசில் யார் இருந்தார்கள் என்று நினைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நாங்கள் இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஊர்ல வந்து எறங்குனதும் அம்மா கல்யாணத்துக்கு நாள் குறிச்சிட்டாங்க. அப்பச் சொல்லல. அப்புறம் ஒவ்வொரு நாளும் அதுக்கு முந்தின நாளவிடக் கஷ்டமா போயிடுச்சு."

மறுநாள் பெரிய டாக்டரிடம் போய், தலாத்துக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். குளிர் ஒத்துக்கொள்ளாது என்றேன்.

5. நெல்லித்தோப்பு வண்டிக்காரர்

அதற்குப் பிறகு வீட்டில் தேவைக்கு மட்டுமே பேச்சு. பையனை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவோம்: "அப்பாவச் சாப்பிடச் சொல்லு", "அம்மாகிட்ட சாவி கேளு". அவரும் சிரிக்க மறந்துவிட்டார்.

அந்த நாட்களில்தான் நெல்லித்தோப்பிலிருந்து ஒரு பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். புருஷனே வண்டிக்காரர். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. நஞ்சுக்கொடியும் முழுசாக விழுந்தது. அதற்கப்புறம் கர்ப்பப்பை சுருங்கவில்லை. வயிற்றை அமுக்கித் தேய்த்தேன், ஊசி போட்டேன், பெரிய டாக்டர் வந்து கையை உள்ளே விட்டுப் பிடித்தார். டாக்டர் இருந்தார், மருந்து இருந்தது, நான் இருந்தேன். அப்படியும் எங்கள் கண் முன்னாலேயே வெளுத்துப்போய் அவள் அடங்கிவிட்டாள். எவ்வளவோ பார்த்தவள்தான் நான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அது புதிதாகத்தான் அடிக்கும்.

குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே எடுத்துப் போனேன். அந்த மனுஷர் வாசற்படியில் நின்றார். விஷயத்தை முன்பே யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் அழவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். ஆனால் எந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மாற்றி மாற்றி வைத்தார்.

"இத இன்னா மாதிரி தூக்கணும்மா?" என்று கேட்டார்.

காட்டிக் கொடுத்தேன். தலைக்குக் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை. அவர் அந்தக் குழந்தையைக் கீழே போட்டுவிடுவோமோ என்ற பயத்தில் உடம்பு விறைத்துப்போய் நின்றார். எனக்கு அவர் முகம் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் முகம்தான் தெரிந்தது. மலை மேல், பாஷை தெரியாத ஊரில், காட்டிக்கொடுக்க ஆள் இல்லாமல், அவரும் இப்படித்தான் நின்றிருப்பார். என்னிடம் மறைத்ததற்கு அது சமாதானம் ஆகாது. அந்தக் கோபம் எனக்கு அப்போதும் இருந்தது, பிறகும் வெகுகாலம் இருந்தது. ஆனால் மடத்தில் விட்ட அந்தப் பெண் குழந்தை என்ன பாவம் செய்தது?

வீட்டுக்குப் போனதும் நேராக அவரிடமே பேசினேன்.

"மடத்துல இருக்குற பொண்ணு பேரு என்ன?"

"லூசி" என்றார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"கம்பளி நாலு பேருக்கு வாங்கணும்" என்றேன்.

பெரிய டாக்டரிடம் மறுபடி போய் நின்றேன். அந்த இடத்துக்கு அவர் இன்னும் வேறு ஆள் அனுப்பியிருக்கவில்லை. "குளிர் என்ன ஆயிற்று?" என்று கேட்டார். "தாங்கிக்கலாம், மிஸ்யே" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

6. மலை மேல்

கப்பல், பிறகு ரயில், பிறகு பல்சக்கரம் வைத்து மலை ஏறுகிற இன்னொரு ரயில். ஏற ஏற என் வீட்டுக்காரர் சன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அவர் ஆள் வைத்துப் போட்ட பாதை அது.

மடத்தில் எங்களை ஒரு நீளமான அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு கன்னியாஸ்திரி லூசியை அழைத்துவந்தார். மூக்கும் நெற்றியும் அப்படியே எங்கள் பையன். கன்னியாஸ்திரி அவளிடம் பிரெஞ்சில், "இவர்தான் உன் அப்பா. இந்த மதாம் இங்கே பிரசவம் பார்க்க வந்திருக்கிறார்" என்றார்.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். மரியாதையாக, அழகான பிரெஞ்சில் கேட்டாள்:

"நீங்கள் பிரசவம் பார்க்கிறவரா, மதாம்?"

"ஆமாம்."

"எங்கள் அம்மாவுக்கு ஏன் வரவில்லை?"

அப்போது இங்கே ஆள் இல்லை, நான் வேறு ஊரில் இருந்தேன், எனக்குத் தெரியாது என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரர் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை என்றதும் தலையைச் சற்றுக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுக் கன்னியாஸ்திரி பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

அவள் எங்களோடு வந்து தங்க ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. என்னை அம்மா என்று கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. அவரைக் கடைசி வரை அப்பா என்று சொல்லாமல் 'மிஸ்யே', அதாவது 'ஐயா' என்றுதான் கூப்பிட்டாள். எங்கள் பையனோடு மட்டும் முதல் நாளிலிருந்தே சண்டை போட்டாள். அதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

வெளியூர் வேலைக்குப் போகலாமா என்று இப்போதும் சில பெண்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். குளிர் எப்படி, தண்ணீர் எப்படி, என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்கிறார்கள். சொல்கிறேன். அதோடு இன்னொன்றும் சொல்கிறேன். நான் தையல்காரரைக் கேட்டேன், கம்பவுண்டரைக் கேட்டேன், முதலியார்பேட்டை வரை போய்க் கேட்டேன். "வேணாம்" என்று எதிரே உட்கார்ந்து சொன்னவரை மட்டும் ஒழுங்காக உட்கார வைத்துக் கேட்கவில்லை. வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அதற்கு அவர் சொல்கிற காரணத்தோடு நின்றுவிடாதீர்கள்.