சும்மா கிடந்த மைதானமாம்!

ஈரக் களிமண் வாசம் தெரியுமா உங்களுக்கு? இந்த வெள்ளைக்கார நாட்டு ஏப்ரல் மாதக் குளிரில் அருளப்பு அண்ணையின் வெள்ளை வான் வண்டியின் பின்கதவைத் திறந்தால் முதலில் அதுதான் வரும். மட்டன் ரோல்ஸ் வாசம் பிறகுதான்...

அண்ணை மன்னார் ஆள். கட்டட வேலை செய்கிறவர், எங்கள் கிரிக்கெட் ரீமின் விக்கெட் கீப்பர். ஞாயிறு காலை மாதா கோயில் பூசை முடிந்த கையோடு செவன் கிங்ஸ் பக்கத்துக் கல்லூரி மைதானத்துக்கு வந்துவிடுவார். கோயிலுக்குப் போட்ட சேட்டைக் கழற்றி ஸீற்றில் மடித்து வைத்துவிட்டு, களிமண் மூட்டையைத் தோளில் தூக்குவார்.

நாங்கள் போன புதிதில் அங்கே பிச் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஒரு பந்து முழங்காலுக்கு வரும், அடுத்தது மூக்குக்கு வரும். ஆறு வருஷம் மண் போட்டு, விதை தூவி, ரோலர் இழுத்து அதைப் பிச் ஆக்கியவர் அண்ணை. குளிர்காலத்தில் சுற்றிக் கயிறு கட்டுவார். யாராவது சப்பாத்துக் காலோடு அதைத் தாண்டினால் அவர் ஏசுகிற ஏச்சு... பூசை கண்டுவிட்டு வந்த வாயா இது என்று இருக்கும்.

பிறகுதான் அந்தப் புட்போல் கிளப் வந்தது. கீழ் டிவிஷனில் விளையாடுகிற சின்னக் கிளப். அவர்களுடைய சொந்த ஸ்டேடியத்தை இடித்துக் கட்டுகிறார்களாம், ஒரே ஒரு ஸீசனுக்குக் கல்லூரி இடம் கொடுக்கிறதாம். "டெம்பரரி, டெம்பரரி" என்று கல்லூரி மனேஜர் நாலு தரம் சொன்னார். உங்கள் பிச்சில் யாரும் கால் வைக்க மாட்டார்கள், கோடையில் நீங்கள் வழமைபோல விளையாடலாம் என்றார்.

ரீமின் செக்ரட்டரி நான்தான். ஆங்கிலம் ஓடும் என்பதால் கிடைத்த பதவி.

"தம்பி, அந்தாள் சொன்னதை எழுத்தில வாங்கு" என்றார் அண்ணை.

"என்னண்ணை நீங்கள், வெள்ளைக்காரன் சொன்னால் சொன்னதுதான். கடிதம் கேட்டால் மரியாதையில்லை."

நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது. குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு அகதிக் கேஸ் விசயமாகப் போனபோது, பஸ் டிக்கெட் தொடக்கம் ஞானஸ்நானச் சேட்டிபிக்கற் வரை கொப்பி எடுத்து பைல் பைலாகக் கொண்டுபோன ஆட்கள் நாங்கள். அங்கே எங்கள் வாய்ச்சொல்லை ஒருவரும் நம்பவில்லை. அதெல்லாம் தெரிந்த நான், ஒரு துண்டுக் கடிதம் கேட்க வெட்கப்பட்டேன்!

அவர்களுடைய முதல் மாட்சுக்கு ரோல்ஸ் வேறு கொண்டுபோய்க் கொடுத்தோம். "இடமில்லாமல் வந்ததுகள், எங்களுக்குத் தெரியாத கஷ்டமே" என்று அண்ணைதான் சொன்னார்.

மார்ச் மாதம் போய்ப் பார்த்தால் கயிற்றைக் காணவில்லை. பிச்சில் ஓடி ஓடிச் சேறாக்கி, அதற்கு மேல் பியர்க் கூடாரமும் அடித்திருந்தார்கள். அண்ணை அந்தச் சேற்றில் குந்தியிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தார். அன்று அவர் யாரையும் ஏசவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

ஒரு ஸீசன் இரண்டாகி, மூன்றாகி... கடைசியில் மைதானம் முழுக்கச் செயற்கைப் புல். நியாயம் கேட்கப் போனால் மனேஜர் மாறிவிட்டார். புது மனேஜர் சிரித்த முகத்தோடு கேட்டார், "எழுத்தில் ஏதும் இருக்கிறதா?"

இருக்கவில்லை. ரீமும் கலைந்து போனது.

இந்தக் கிழமை அந்தக் கிளப் ஒருவழியாகத் தன் சொந்த ஸ்டேடியத்துக்குத் திரும்பிப் போகிறது. பேஸ்புக்கில் பிரியாவிடைப் பதிவு போட்டிருக்கிறார்கள். சும்மா கிடந்த மைதானத்தைத் தங்களுக்கு வீடாக்கித் தந்த கல்லூரிக்கு நன்றியாம்.

சும்மா கிடந்ததாம்! வாசித்த நேரத்திலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணைக்குப் போன் எடுத்து அதை வாசித்துக் காட்டினேன். முந்தியென்றால் ஞாயிறு இந்த நேரம் கையில் களிமண்ணோடு நிற்கிற மனிசன். இப்போது முழங்கால் ஏலாமல், வானையும் விற்றுவிட்டு, பூசை முடிந்தால் நேரே வீட்டுக்கு வந்து ரீவி பார்க்கிறார். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் வட்ஸ்அப்பில் குட் மோர்னிங் அனுப்புவதோடு சரி.

அவர் ரீவிச் சத்தத்தைக் குறைப்பது கேட்டது. பிறகு சொன்னார்:

"அண்டைக்குத்தான் எழுத்தில வாங்கேல்லை. இண்டைக்கு நீயெண்டாலும் எழுதி வை தம்பி."

எழுதிவிட்டேன் அண்ணை. அந்த மைதானம் ஒருநாளும் சும்மா கிடக்கவில்லை.