தம்பிராசாவின் காது

பொறாமையாம்! தொழிலுக்குப் போட்டி வந்துவிடும் என்று பயந்து, சாம்பல்தீவுச் சிந்துஜனை ஸ்பீக்கர் தொழில் தொடங்கவிடாமல் தம்பிராசா கெடுத்துவிட்டானாம். சொல்லுகிற வாய்கள் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

ஓர்ஸ் ஹில்லில் கலியாணமோ திருநாளோ, ஸ்பீக்கர் செற் கட்டுகிறவன் தம்பிராசாதான். ஆராவது ஒரு றேடியோ வாங்குவதென்றாலும், "தம்பிராசா கேட்டுச் சரியெண்டால் சரி" என்பார்கள். அவனிடம் ஒரு பழக்கம். அம்ப்ளிபயரில் கை வைக்கவே மாட்டான். கூட்டத்தில் பொடியள் திருகிவிடாமல் அதன் குமிழ்களுக்கு ஒட்டுநாடா ஒட்டியிருப்பான். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மிக்சர் பெட்டியில் மட்டும்தான்.

போன மாசியில் கொழும்பிலிருந்து ஜெர்மன் அம்ப்ளிபயர் ஒன்று எடுப்பித்தான். வீட்டில் கிடந்த செற் எல்லாவற்றையும் விற்றாலும் அதன் விலைக்குக் காணாது. பழையதற்கு மேலே தூக்கி வைத்தான். கரண்ட் குடுத்ததும் நீல வெளிச்சம் எரிந்தது. மாதா கோயில் பாட்டுக்குழு பாடிப் பதிந்திருந்த மாதா பாட்டைப் போட்டான். அதில் தனித்துப் பாடுகிறவள் அவன் பெண்சாதி சீலா.

"சீலா, இஞ்ச ஓடி வா! நீ மூச்சு இழுக்கிறது கேக்குதடி!"

சமையலை விட்டுக் குசினியிலிருந்து ஓடி வந்த சீலாவுக்கும் கேட்டது. உயரப் போகும் வரிக்கு முன்னால், மெல்லிசாக ஒரு மூச்சு. "மாதாவே, இவ்வளவு காலமும் இது எங்க இருந்தது?" என்று நெஞ்சில் கை வைத்தாள். தம்பிராசாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தக் கையோடு சிந்துஜனுக்குப் போன் எடுத்தான். கடலை விட்டு ஸ்பீக்கர் தொழில் தொடங்க நின்றவன் சிந்துஜன். வள்ளத்து எஞ்சினை விற்றுத்தான் முதல் போட வேண்டும்.

"யோசிக்காதை தம்பி, இதையே வாங்கு."

விடிந்து தூசி துடைத்த சீலா கேட்டாள். "இஞ்சருங்கோ, இந்தப் புதுசில கரண்ட் வயரைத் தவிர ஒண்டும் பூட்டேல்லையே?"

குனிந்து பார்த்தவன் கதிரையில் இருந்துவிட்டான். மிக்சர் வயரும் ஸ்பீக்கர் வயரும் பழையதிலேயே கிடந்தன. நேற்றுப் பாடியது பழையதுதான்.

எழும்பி, புதியதைச் சரியாகப் பூட்டிப் போட்டான். மூச்சுக் கேட்டது. பழையதற்கு மாற்றினான். அதே மூச்சு. பாட்டிருந்த பென் ட்ரைவைக் குசினி றேடியோவில் செருகிப் போட்டான். அந்தத் தகரக் குரலுக்குள்ளும் மூச்சு இருந்தது. ஆண்டவர் மனிசக் காதை என்ன மாதிரிப் படைத்திருக்கிறார்! விலையைக் கேட்ட பிறகல்லவா அது திறந்திருக்கிறது.

"எப்பவும் இருந்திருக்கு. நான்தான் காது குடுக்கேல்லை" என்றான் தம்பிராசா.

"சரி, இதை வெளியில கதைக்காதேங்கோ. உங்கட காதை நம்பித்தானே சனம் வருது."

"சிந்துஜன்ர எஞ்சின்?"

"விலை கூடவாம், வேண்டாமெண்டு போனில சொல்லிவிடுங்கோ."

போன் அடித்தான். சிந்துஜன் எடுக்கவில்லை. மூதூரிலிருந்து எஞ்சின் பார்க்க ஆள் வருவதும் அன்றைக்குத்தான்.

"விலையைச் சொன்னால் இன்னும் ஆசைப்படுவான். என்ர காது பிழைச்சுப் போச்செண்டு நானே போய்ச் சொல்லோணும்."

"ஊரே சிரிக்குமப்பா. இனி ஆர் எங்களைக் கூப்பிடுவினம்?"

"சிரிக்கட்டும். அவன் எஞ்சினில்லாமல் கடலுக்குப் போக ஏலாது."

சீலா வாசலை மறித்து நின்றாள். அவன் சேர்ட்டை மாட்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்கோவன்" என்று ஒதுங்கினாள்.

"வந்து குடிக்கிறன்" என்றவன், பொத்தானைப் பூட்டியபடியே வாசலைத் தாண்டிப் போனான்.