திருப்பி எறிந்த பந்து

இன்று மகளோடு சின்ன லீக் பேஸ்போல் பார்க்கப் போனேன். அங்கே சோளமா பூசிச் சுட்ட பன்றியிறைச்சி வைத்த பணிஸ் வாங்கினேன். ரொறன்ரோச் சாப்பாடாம். முதல் கடியிலேயே சொக்கிப்போனேன்.

அந்த நேரம் பார்த்துப் பந்து எங்களை நோக்கிப் பறந்து வந்தது. பணிஸைக் கீழே போட்டு ஒற்றைக் கையால் பிடித்தேன். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெற் விளையாடிய கை, உடனே அதை மைதானத்துக்குள் திருப்பி எறிந்தது.

சனம் கத்தியது. பாராட்டென்று நினைத்துக் கையசைத்தேன்.

"ஏனப்பா எறிஞ்சனீங்கள்? இஞ்ச பிடிச்ச ஆக்களுக்குத்தான் பந்து!"

மகள் அழுதாள். இப்படி ஒரு பந்தைப் பிடிக்கத்தான் ஒவ்வொரு கோடையும் சிநேகிதிகளோடு கையுறை கொண்டு வருகிறவள்; நான் கூட வந்தது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், மோர்னிங்சைட் வீதியில் காருக்குள் மெல்லக் கதை கொடுத்தேன்.

"சொறி குஞ்சு, இன்னொருக்காப் பிடிப்பம்."

"பிடிப்பீங்கள். பிறகும் எறிவீங்கள்."

கிரிக்கெற் விளையாடியவர்களே, உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் கை என்ன செய்திருக்கும்?